கோட்டை வாயிற் கல்

பாடசாலை விடுமுறை தொடங்கிவிட்டால் திருகோணமலை நகரிற் பேருந்துகள் வரிசையாக வந்து நிற்கும். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் பிள்ளைகள் வந்திறங்குவர். கோட்டை வாயிலைக் கடந்து, மரநிழலில் மேயும் புள்ளிமான்களைத் தடவிப் பார்த்து, மலையேறிக் கோணேசப் பெருமானை வணங்கி, இராவணன் வெட்டை எட்டிப் பார்த்துவிட்டு, கச்சான் கொறித்தபடி பேருந்தில் ஏறிவிடுவர். "கோட்டையைப் பார்த்தாயா?" என்று கேட்டால் "பார்த்தேன்" என்பர். "கோட்டையில் எதைப் பார்த்தாய்?" என்று கேட்டால் "மான் பார்த்தேன்" என்பர்.

மான் பார்ப்பதிற் குற்றமொன்றுமில்லை. அவையும் அவ்விடத்தின் நெடுநாட் குடிகளே. ஆயினும், பிரெட்ரிக் கோட்டை என்று இன்று வழங்கும் அந்த இடம் கண்ணைத் திறந்துகொண்டு நடப்பவனுக்கு ஒரு நூலகத்தை ஒக்கும். சென்ற தவணையில் எமது கல்லூரி மாணவர் சிலரை அங்கு அழைத்துச் சென்றிருந்தேன். எட்டாந் தரத்துப் பையன் ஒருவன் என் அருகே வந்து நின்றான்.

"ஐயா, இந்தக் கோட்டை எத்தனை சண்டையில் வென்றது?"

"வா தம்பி, எண்ணிப் பார்ப்போம். ஒவ்வொரு விரலாக மடக்கு" என்று ஆண்டுகளைச் சொல்லத் தொடங்கினேன். 1639: ஒல்லாந்தர் வந்தனர், உள்ளே இருந்த போர்த்துக்கீசர் தோற்றனர். 1782 ஜனவரி: ஆங்கிலேயர் வந்தனர், ஒல்லாந்தர் தோற்றனர். அதே ஆண்டு ஆகஸ்ட்: பிரெஞ்சுக்காரர் வந்தனர், ஆங்கிலேயர் தோற்றனர். 1795: ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர், ஒல்லாந்தர் மீண்டும் தோற்றனர். நான்கு விரல்களை மடக்கிய பையன், மடங்காமல் நின்ற பெருவிரலைப் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் ஒருமுறையேனும் வெல்லவில்லையே, ஐயா! பிறகேன் கட்டினார்கள்?" என்றான்.

பரீட்சை வினாத்தாள்களில் இத்தகைய கேள்விகள் வருவதில்லை. வந்தால் நன்று. அவன் கேட்டதற்கு அங்கே நின்றபடி சொன்ன விடையைச் சற்று விரித்து இவ்வாரம் இங்கே எழுதுகிறேன்.

ஏன் கட்டினார்கள் என்பதை அறிய, எதை இடித்துக் கட்டினார்கள் என்பதிலிருந்து தொடங்குதல் வேண்டும். கோட்டை அமைந்துள்ள முனை, கடலினுள்ளே நீண்டு கிடக்கும் ஒரு குன்று. அதன் நுனியிலே செங்குத்தான பாறை, அதுவே சுவாமிமலை. ஏழாம் நூற்றாண்டிலே திருஞானசம்பந்தர் பதிகம் பாடிய தலம் அது. போர்த்துக்கீசர் அதனை ஆயிரங்கால் ஆலயம் என்று குறிப்பிட்டனர். குன்றின் உச்சியில் மட்டுமன்றி இடையிலும் அடியிலுமாக மூன்று கோயில்கள் இருந்தன என்பதும் அவர்கள் எழுத்தினாலேயே அறியக் கிடக்கின்றது.

1620ஆம் ஆண்டிலே டென்மார்க்கு நாட்டுக் கப்பல்கள் இலங்கைக்கு வந்தன. கண்டி மன்னன் செனரத் அவர்களோடு உடன்படிக்கை செய்துகொண்டான். போர்த்துக்கீசரை விரட்ட வேறோர் ஐரோப்பியர் துணை கிட்டுமென்பது அவன் எண்ணம். அந்த டேனியர் இங்கே நிலைக்கவில்லை. அதே ஆண்டு தஞ்சை நாயக்கரிடம் இடம் பெற்றுத் தரங்கம்பாடியிற் கால்கொண்டனர். ஆயினும், திருகோணமலைத் துறை பிறர் கைப்பட்டால் கண்டிக்கு ஒரு கடல்வாயில் திறந்துவிடும் என்ற அச்சம் போர்த்துக்கீசரைப் பற்றிக்கொண்டது. தளபதி கொன்ஸ்தந்தைன் டீ சா 1622ஆம் ஆண்டிலே கோணேசர் ஆலயத்தை அழித்தான். சித்திரைப் புத்தாண்டு நாளிலே சுவாமி வீதியுலா எழுந்தருளிய வேளையில், அந்தணர் வேடம் பூண்ட படைஞர் உள்ளே நுழைந்தனர் என்பது இவ்வூரிற் பாட்டன் பேரனுக்குச் சொல்லி வரும் செய்தி. இடித்த கற்களைக் கொண்டே கோட்டை எழுந்தது. கல் வெட்டவும் சுமக்கவும் தேவையில்லாமற் கைக்கெட்டும் தூரத்திலே செதுக்கிய கருங்கல் மலையாய்க் குவிந்து கிடக்க, படைத் தளபதிக்கு வேறென்ன வேண்டும்?

இனிக் கோட்டை வாயிலுக்கு வருவோம். உள்ளே நுழையும்போது வலப்புற நிலைக்கல்லைச் சற்று நின்று பாருங்கள். தமிழ் எழுத்துக்கள் தெரியும். சிதைந்தும் தேய்ந்தும் சில சொற்களே எஞ்சியுள்ளன. இணைக்கயல் உருவமும் அங்கே உண்டு. மீன் பாண்டியர் இலச்சினை என்பதை மாணவர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. இக்கல்வெட்டின் முழு வடிவமென ஒரு செய்யுள் மக்கள் வாயில் வழங்கி வருகிறது. முன்னர்க் குளக்கோட்டன் என்னும் மன்னன் செய்த திருப்பணியைப் பின்னர்ப் பறங்கியர் சிதைப்பர் என்று எதிர்காலம் உரைக்கும் செய்யுள் அது.

இதிலே வியப்பு யாதெனின், ஆலயத்தை இடித்த டீ சாவே அத்தகைய வாசகமொன்றின் பொருளைப் படியெடுத்துப் போர்த்துக்கல்லுக்கு அனுப்பியமைதான். அப்பிரதி லிஸ்பன் நகரிலுள்ள அஜுடா நூலகத்திற் பேணப்பட்டு வருகின்றது. பறங்கியர் இவ்வாலயத்தை அழிப்பர் என்றும், அதன்பின் அதனைப் புதுக்க இத்தீவிலே மன்னன் எவனும் இரான் என்றும் அது கூறுகின்றது. தன் செயலையே தனக்கு முன்கூட்டிச் சொன்ன கல்லை அவன் உடைத்தெறியவில்லை. நூலொன்றிற் படியெடுத்து வைத்தான். அஞ்சினானோ, பெருமை கொண்டானோ, அது அவன் உள்ளத்திற்கே வெளிச்சம்.

இவ்வளவு பெரிய பாவத்தைச் செய்து கட்டிய கோட்டை போர்த்துக்கீசருக்கு எத்தனை ஆண்டு உதவியது? பதினைந்து ஆண்டளவே. 1639ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்துக்கொண்டனர். சில ஆண்டுகளின் பின் அதனைக் கைவிட்டு, 1665இல் மீண்டும் வந்து அரண் செய்தனர். 1672இல் டி லா ஹே என்னும் பிரெஞ்சுத் தளபதி பெருங் கப்பற்படையுடன் குடாவினுள்ளே வந்து தங்கினான். அவனை வெளியேற்றியது ஒல்லாந்தரின் கப்பற்படை, கோட்டை அன்று.

இங்கேதான் பையனின் கேள்விக்குரிய விடை கிடக்கின்றது. திருகோணமலைத் துறைமுகத்தின் பெருமை என்ன? உலகின் மிகச் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்று என்று புவியியற் பாடத்திலே படிக்கிறோம். அதன் பொருளை உணரவேண்டுமாயின் பாய்க்கப்பற் காலத்தை நினைத்தல் வேண்டும். வங்கக் கடலின் மேற்குக் கரை நெடுகிலும், சென்னைப்பட்டினம் உட்பட, கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் பண்டங்களும் மசூலாப் படகிலேறி அலையைத் தாண்டிக் கரை சேரவேண்டும். ஐப்பசியில் வாடைக்காற்று எழுந்துவிட்டால் அங்கே நின்ற கப்பலுக்கு ஆபத்து. ஆங்கிலக் கப்பற்படை இந்தியாவைச் சுற்றிக்கொண்டு பம்பாய்க்குப் போய்ப் பழுது பார்த்து, அடுத்த பருவத்திலே திரும்பி வரவேண்டியிருந்தது. அந்த இடைவெளியிற் பகைவன் எதையும் செய்யலாம். வாடையானாலும் சோளகமானாலும் மலைகளின் அணைப்பில் அசையாது கிடக்கக்கூடிய ஆழமான நீர்நிலை அப்பக்கத்திலே ஒன்றே ஒன்று, அது திருகோணமலை. இதனாலன்றோ நான்கு ஐரோப்பிய நாடுகள் இதன்மேற் கண் வைத்தன!

ஆனால் பிரெட்ரிக் கோட்டை இருப்பது அத்துறைமுகத்தின் வாயிலில் அன்று. அதன் வடக்கே ஒரு குடா, தெற்கே ஒல்லாந்தர் குடா. இரண்டும் திறந்த கடலை நோக்கியவை. உட்துறைமுகத்தின் வாயில் இன்னும் தெற்கே, ஒஸ்டென்பேர்க் என்னும் மேட்டின் அடியில் இருக்கின்றது. போர்த்துக்கீசர் ஆலயம் இருந்த இடத்திலே, ஆலயக் கல்லாலே கோட்டை கட்டினர். துறைமுகத்தைக் காக்க ஒல்லாந்தர் ஒஸ்டென்பேர்க்கில் இன்னொரு கோட்டை கட்டவேண்டியதாயிற்று. இரண்டுக்கும் ஆள் வேண்டும், மருந்தும் குண்டும் வேண்டும், அரிசி வேண்டும். இவையெல்லாம் கடல்வழியே வரவேண்டியவை. ஆகவே, கடலை ஆண்டவன் எவனோ அவனுக்கே கோட்டை.

1782ஆம் ஆண்டைப் போல் இதனை விளக்கும் ஆண்டு வேறில்லை. வரலாறு பயிலும் மாணவர் அதை நாட்குறிப்புப் போலவே படிக்கலாம். ஜனவரி மாதத்திலே ஆங்கிலக் கடற்றளபதி எட்வேட் ஹியூஸ் வந்து முதலிற் கீழ்க்கோட்டையையும், 11ஆம் திகதி ஒஸ்டென்பேர்க்கையும் கைப்பற்றினான். சிறுபடை ஒன்றைக் காவலுக்கு விட்டுப் போனான். பிரெஞ்சுக் கடற்றளபதி சஃப்ரன், அக்காலத்துக் கடலோடிகளுள் மிகத் துணிந்தவன். ஹியூஸ் சென்னைக் கரையிலே கப்பல்களைச் செப்பனிட்டு நின்ற வேளை பார்த்து, ஆகஸ்ட் 25ஆம் திகதி இங்கே வந்து நங்கூரமிட்டான். மறுநாளே படையை இறக்கினான். மாதம் முடியுமுன் இரண்டு கோட்டைகளும் பணிந்துவிட்டன. செப்டெம்பர் 2ஆம் திகதி ஹியூஸின் பாய்கள் அடிவானத்திலே தென்பட்டன. கோட்டைகளின்மேல் பறந்ததோ பிரெஞ்சுக் கொடி! மறுநாள் கடலிலே பெரும் போர் நடந்தது. பிரெஞ்சுத் தரப்பிற் 14 கப்பல்கள், ஆங்கிலத் தரப்பில் 12. மாலை வரை ஒருவரையொருவர் சிதைத்துக்கொண்டு பிரிந்தனர். ஹியூஸ் சென்னைக்குத் திரும்பினான். சஃப்ரன் துறைமுகத்துள் நுழைந்தான். மூன்று நாள் முந்தி வந்திருந்தால் கோட்டை நின்றிருக்கும். கோட்டைச் சுவரின் தடிப்பு அந்த மூன்று நாளை ஈடுசெய்யவில்லை.

பின்னர் நிகழ்ந்த சமாதான உடன்படிக்கையின்படி இடம் ஒல்லாந்தருக்கே திரும்பக் கிடைத்தது. ஐரோப்பாவிலே மேசையிலிருந்து எழுதிய கையெழுத்தினால் மாறியது, பீரங்கியினால் அன்று. 1795 ஆகஸ்ட் 26ஆம் திகதி ஆங்கிலேயர் மீண்டும் பிடித்தனர். 1803இல் யோர்க் கோமகன் பிரெட்ரிக்கின் பெயரைச் சூட்டினர். அந்தக் கோமகனுக்கும் இந்த மலைக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. நாமும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அதையே சொல்லி வருகிறோம்.

கோட்டையினுள்ளே வெல்லிங்டன் பிரபு தங்கிய வீடு என்று ஒன்றைக் காட்டுவர். வாட்டர்லூவில் நெப்போலியனை வென்றவர் அவர். அப்போது ஆதர் வெல்லெஸ்லி என்னும் படையதிகாரி. 1800ஆம் ஆண்டளவில் இங்கே வந்து படை திரட்டியது உண்மை. ஆனால் இவ்வூரில் நோயுற்றுப் படுத்ததனால், மூழ்கவிருந்த கப்பலைத் தவறவிட்டு உயிர் தப்பினார் என்று வழிகாட்டிகள் சொல்லும் கதையைச் சற்றுத் திருத்திக் கேளுங்கள். அவர் நோயுற்றது பம்பாயில். கப்பல் மூழ்கியது மெய், இடந்தான் வேறு.

இன்னொரு கதை இராவணன் வெட்டருகே நிற்கும் தூணைப் பற்றியது. காதலன் கைவிட்டுக் கப்பலேறிப் போக, பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண் மலையினின்றும் குதித்தாள் என்பர். தூணிலே அவள் பெயரும் 1687 ஏப்ரல் 24 என்ற நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. மலையாள நாட்டு மூலிகைகளைப் பற்றிய பெருநூலைத் தொகுப்பித்த வான் ரீட் பிரபுவின் வளர்ப்பு மகள் அவள். அப்பிரபு 1691இல் மறைந்தார்; அதற்குப் பின்னும் அவள் வாழ்ந்தமைக்கு ஆவணங்கள் உண்டு. ஆகவே, குதித்த கதையை நாம் மறக்கலாம். மறக்கக்கூடாதது அந்தத் தூண். அது ஆலயத் தூண்களுள் ஒன்று. அழாத ஒருத்திக்காக எல்லோரும் இரங்க, அழுதிருக்கவேண்டிய கல்லை ஒருவரும் பார்ப்பதில்லை!

1795க்குப் பின் இக்கோட்டையின்மேல் எவரும் முற்றுகையிடவில்லை. அடுத்த பகைவன் வந்தபோது சுவரைப் பார்க்கவேயில்லை, மேலால் வந்தான். 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் ஜப்பானிய விமானங்கள் நூற்றுக்கு மேற்பட்டவை துறைமுகத்தையும் சீனன்குடா விமானத்தளத்தையும் தாக்கின. சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களுள் ஒன்றின்மேல் விமானமொன்று வீழ்ந்தது. உருகிய அக்குதத்தின் எச்சம் நெடுங்காலம் அங்கே கிடந்தது. ஆபத்து வருவதை அறிந்து ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் முதல் நாளிரவே துறைமுகத்தைவிட்டுத் தெற்கே சென்றது. தாங்கவேண்டிய விமானங்கள் அதன்மேல் இல்லை. மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் அதைக் கண்டுபிடித்து மூழ்கடித்தனர். முந்நூறு பேருக்கு மேல் மாண்டனர். புயலுக்கு அஞ்சி எந்தத் துறைமுகத்தைத் தேடிக் கப்பல்கள் ஓடி வந்தனவோ, அதே துறைமுகத்தினின்றும் உயிருக்கு அஞ்சி ஓடவேண்டி வந்த காலம் அது.

பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957இல் இலங்கை வசமாயிற்று. கோட்டையில் இன்றும் படையினர் இருக்கின்றனர். 2009இல் முடிந்த நீண்ட போரின் ஆண்டுகளிலே, கோணேசரைத் தரிசிக்கச் சென்ற அடியவர் ஒவ்வொருவரும் அவ்வாயிலிற் சோதனைக்கு நின்றே உள்ளே சென்றனர். எங்கள் தலைமுறையினர்க்கு அந்த வரிசை நன்கு நினைவிருக்கும். தேங்காயும் கற்பூரமும் பூத்தட்டுமாக நின்ற தாய்மார், தம் கைக்கு அணித்தாக இருந்த நிலைக்கல்லிலே இன்னதுதான் எழுதியிருக்கிறது என்று அறிந்திருப்பாரோ?

அக்கல்லின் வாசகத்துக்கு மீள்வோம். ஆலயத்தைப் புதுக்க மன்னன் எவனும் இரான் என்றது. அவ்வாறே மன்னன் எவனும் வரவில்லை. 1950ஆம் ஆண்டிலே நகரசபையார் கிணறு வெட்டுகையில், மண்ணுக்குள்ளிருந்து சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலிய வெண்கலத் திருவுருவங்கள் வெளிப்பட்டன. இடிபாட்டின்போது யாரோ சில அடியார் ஒளித்துப் புதைத்தவை. புதைத்தவர் திரும்பி வந்து எடுக்கக் கொடுத்துவைக்கவில்லை. 1956இல் விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடிக்கடலிலே மூழ்கி, பழைய ஆலயத்தின் தூண்களும் செதுக்குக் கற்களும் நீரடியிற் கிடப்பதைக் கண்டனர். ஊர் மக்கள் பொருள் திரட்டினர். உச்சியிலே ஆலயம் மீண்டும் எழுந்தது. 1963 மார்ச் 3ஆம் திகதி குடமுழுக்கு நிகழ்ந்தது. கல் சொன்னது பொய்யாகவில்லை: மன்னன் கட்டவில்லை, மக்கள் கட்டினர்.

இத்தனையும் பார்த்த பின் நூதனசாலைக்குப் போவது பொருந்தும். முதலிலே போனால் பெட்டிக்குள் இருப்பவை வெறும் பழம்பொருள்களாகவே தோன்றும். துறைமுகத்தருகே, ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளர் வாழ்ந்த பழைய மாளிகையிலே கடல்சார் வரலாற்று நூதனசாலை இருக்கின்றது. நெதர்லாந்து அரசின் உதவியோடு செப்பனிடப்பட்டு, மத்திய கலாசார நிதியத்தின் பொறுப்பில் உள்ளது. கட்டடமே முதற் காட்சிப் பொருள்: வெயிலை வெளியே நிறுத்தும் தடித்த சுவரும், காற்றை உள்ளே அழைக்கும் உயர்ந்த வாயில்களும், மின்விசிறி இல்லாத காலத்தில் மனிதன் எப்படி வாழ்ந்தான் என்பதைச் சொல்லும்.

மற்றொன்று, கடற்படைத் தளத்தினுள்ளே ஒஸ்டென்பேர்க் மேட்டில் இருக்கும் ஹூட் கோபுர நூதனசாலை. 1814இல் சென்னையில் இறந்த கடற்றளபதி சாமுவேல் ஹூட்டின் பெயரைத் தாங்கியது. துறைமுக வாயிலைக் காக்க ஆங்கிலேயர் நிறுத்திய கரையோரப் பீரங்கிகளை அங்கே காணலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் ஒன்றை மட்டும் ஒப்பிட்டுக் காட்டவேண்டும். சஃப்ரன் காலத்துப் பீரங்கிக்கு வாயினூடாகவே மருந்தை இடித்து, குண்டை உருட்டி, பின்னே சிறு துளையில் நெருப்பு வைப்பர். வெடித்ததும் வண்டியோடு பின்னுக்குப் பாயும். ஏழெட்டுப் பேர் இழுத்து மீண்டும் இடத்தில் நிறுத்துவர். பிற்காலத்துப் பீரங்கிக்குப் பின்புறத்திற் கதவு. குழலின் உட்புறத்தில் முறுக்குச் சால்கள். குண்டு சுழன்றுகொண்டு பல கட்டை தூரம் நேராகச் செல்லும். இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் மூன்று பக்கம் படிப்பதிலும், குழலின் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்ப்பது மேல்.

ஹூட் கோபுரம் தளத்தினுள் இருப்பதால் பாடசாலைக் குழுக்கள் முன்கூட்டியே கடற்படையினருக்கு எழுதி அனுமதி பெற்றுக்கொள்ளல் நலம். கோட்டையினுள்ளும் படம் பிடிக்கலாகாத இடங்கள் உண்டு, கேட்டுக்கொண்டே பிடிக்கவேண்டும். காலை வேளையே ஏற்றது. பதினொரு மணிக்கு மேல் மலைப்படியிற் செருப்பின்றிக் கால் வைக்க முடியாது.